வீட்டுக் கடனை எழுதிய மாணவிக்கு எத்தனை மதிப்பெண்?

கேள்வி:

பதினோராம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். ‘அன்றாட வாழ்வைப் பாதிக்கும் சமூக, பொருளாதாரப் பிரச்சினைகள்’ என்ற தலைப்பில் இரண்டு பக்கம் சிந்தித்து எழுதி வரச் சொன்னேன். வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுதியவை போல இருந்தன. விலைவாசி, வேலையின்மை, போதைப்பழக்கம், சுற்றுச்சூழல். கடைசியில் ‘அரசு உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும், நாமும் கைகோக்க வேண்டும்’. ஒரே ஒரு மாணவி மட்டும் தன் வீட்டைப் பற்றி எழுதியிருந்தாள். அப்பா வாங்கிய கடன், அதைக் கேட்டு வாசலில் வந்து நிற்பவர்கள். ‘கதவு தட்டப்பட்டால் யார் திறப்பது என்று எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அப்பா திறக்க மாட்டார். அம்மாவும் திறக்க மாட்டார். தம்பிதான் திறப்பான், அவனிடம் யாரும் சத்தம் போட மாட்டார்கள்’ என்று ஒரு பத்தி. முன்னுரை இல்லை, தீர்வு இல்லை, முடிவுரை இல்லை. எங்கள் திருத்தும் முறைப்படி பாதி மதிப்பெண்கூடத் தேறாது. எனக்கோ முழு மதிப்பெண் கொடுத்து, வகுப்பில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. என்ன செய்யலாம்? மற்றவர்களை உண்மையிலேயே யோசிக்க வைப்பது எப்படி? தலைமையாசிரியர் வேறு, ‘வகுப்பில் அரசியல் வேண்டாம், பெற்றோர் வந்து நிற்பார்கள்’ என்கிறார்.

ஓர் ஆசிரியை

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

வாசித்துக் காட்டாதீர்கள். மற்றக் கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் சொல்லலாம். இதை மட்டும் முதலில் சொல்லிவிட வேண்டும். பெயரை மறைத்து வாசிப்பதும் வேண்டாம். ஆண்டு முழுவதும் அருகருகே உட்காரும் பிள்ளைகளுக்கு, யாருடைய வீடு, யாருடைய தம்பி என்று கண்டுபிடிக்க இரண்டு வரி போதும். அவள் எழுதியது உங்களுக்கு, வகுப்புக்கு அல்ல. ‘அவளிடமே அனுமதி கேட்டுவிட்டு வாசிக்கலாமே’ என்று தோன்றும். மதிப்பெண் போடும் ஆசிரியை கேட்கும்போது எந்த மாணவியால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியும்? தலையாட்டிவிடுவாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அவளிடம் பேசுங்கள். எல்லோர் முன்னாலும் ‘கொஞ்சம் இரு’ என்று நிறுத்தி வைக்காமல், தாள் கொடுக்கும் சாக்கில் பேசுவது நல்லது. முதலில் எழுத்தைப் பற்றிப் பேசுங்கள், ஆறுதல் பிறகு. ‘கதவைத் திறப்பதில்கூட ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று கவனித்தாயே, அது நல்ல கவனிப்பு’ என்று தொடங்கினால், அவள் தன்னைப் பரிதாபத்துக்குரியவளாக நினைக்க மாட்டாள். அதன் பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வருகிறவர்கள் மிரட்டுகிறார்களா, தம்பி பயப்படுகிறானா? கடன் அந்தக் குடும்பத்தின் விவகாரம். எவ்வளவு, யாரிடம், என்ன வட்டி என்று நீங்கள் துருவ வேண்டியதில்லை. பணம் கொடுத்து உதவவும் முன்வராதீர்கள். மிரட்டலோ அடியோ இருக்கிறது, சிறுவனுக்கு ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் விஷயம் வேறு. அதைப் பள்ளியின் ஆலோசகரிடமோ குழந்தைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடமோ கொண்டுபோக வேண்டியது உங்கள் கடமை. அதனால் ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி மதிப்பெண். முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்ற உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் எதற்காக அந்த மதிப்பெண் என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். அவள் பட்ட துன்பத்துக்காக என்றால், கொடுக்காதீர்கள். வீட்டுக் கஷ்டத்தை எழுதினால் ஆசிரியை அள்ளிக் கொடுப்பார் என்ற செய்தி ஒரு வாரத்தில் பள்ளி முழுவதும் பரவும். அடுத்த முறை பாதி வகுப்பு இல்லாத கஷ்டத்தை எழுதும். உண்மையிலேயே கஷ்டப்படும் சில பிள்ளைகள், அதை வெளியே சொல்ல விரும்பாத காரணத்தாலேயே பின்தங்குவார்கள். வறுமையை ஒப்பிக்க வைத்து மதிப்பெண் போடுவது, ‘அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று ஒப்பிக்க வைப்பதைவிட மோசமானது.

அவள் பார்த்ததற்காக மதிப்பெண் கொடுங்கள். அந்தப் பத்தியை மறுபடியும் படியுங்கள். கடன் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் வீட்டார் வேலைகளைப் புதிதாகப் பிரித்துக்கொள்கிறார்கள். யார் வெளியே தெரிய வேண்டும், யார் மறைய வேண்டும் என்பது முடிவாகிறது. குழந்தையிடம் குரலை உயர்த்தக் கூடாது என்ற பொது நாகரிகத்தை அந்தக் குடும்பம் ஒரு கேடயமாகப் பயன்படுத்திக்கொள்கிறது. வாசலில் நிற்பவரும் அந்த நாகரிகத்துக்குக் கட்டுப்படுகிறார். பணம், அச்சம், மானம், வயது எல்லாம் ஒரு கதவருகே சந்திக்கும் இடத்தை நான்கு வாக்கியத்தில் காட்டிவிட்டாள். பாடநூலின் ‘கடன்சுமை’ அத்தியாயத்தில் இது இருக்காது.

மற்ற மாணவர்கள் ஏன் ஒரே மாதிரி எழுதினார்கள்? சோம்பேறித்தனம் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் கொடுத்த தலைப்பும் உங்கள் பள்ளியின் திருத்தும் முறையும் சேர்ந்து அப்படித்தான் எழுதச் சொல்கின்றன. ‘பிரச்சினைகள்’ என்று பன்மையில் கேட்டால் பட்டியல்தான் வரும். முன்னுரை, காரணங்கள், விளைவுகள், தீர்வுகள், முடிவுரை என்று ஐந்து இடத்தில் மதிப்பெண் வைத்தால், ஐந்து இடத்தையும் நிரப்புவார்கள். பதினோரு ஆண்டுகளாக அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் அது. நன்றாகவே கற்றிருக்கிறார்கள்.

பட்டியலிலிருந்து சிந்தனைக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதற்கு, அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959-இல் எழுதிய ஒரு வேறுபாடு எனக்கு எப்போதும் கைகொடுத்திருக்கிறது. ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லையென்றால், அது அவருடைய சொந்தத் தொல்லை. அவருடைய திறமையையும் குணத்தையும் பார்க்கலாம். 5 கோடிப் பேர் உழைக்கும் நாட்டில் 1.5 கோடிப் பேருக்கு வேலை இல்லையென்றால், அது பொதுப் பிரச்சினை. ஒவ்வொருவருடைய குணத்தையும் ஆராய்ந்து பயனில்லை. உங்கள் மாணவர்கள் பொதுப் பிரச்சினையை மட்டும் எழுதினார்கள். அதில் மனிதர்கள் இல்லை. அந்த மாணவி சொந்தத் தொல்லையை மட்டும் எழுதினாள். அதற்கு அப்பால் அவள் போகவில்லை. இரண்டுக்கும் நடுவே நடந்து பார்ப்பதுதான் நீங்கள் கற்றுத்தர வேண்டியது.

இதற்கு வகுப்பறையிலேயே ஒரு பொருள் இருக்கிறது: வருகைப் பதிவேடு. தாமதமாக வருகிறவர்களின் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பையன் வாரத்தில் பாதி நாள் தாமதம் என்றால் ‘பொறுப்பில்லாதவன்’ என்போம். அதே பதிவேட்டில் தாமதமாக வரும் மற்றவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பலர் ஒரே பஸ் தடத்தில் வருகிறவர்கள் என்று தெரியவரலாம். அந்தத் தடத்தில் முதல் பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் இடையே எவ்வளவு நேரம், முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால் எத்தனை மணிக்கு எழ வேண்டும், அந்த நேரத்தில் வீட்டில் தண்ணீர் பிடிப்பது யார், தங்கையைக் கிளப்புவது யார் என்று கேள்விகள் தாமாக வரிசையில் வந்து நிற்கும். தாமதம் என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் பஸ் அட்டவணை, தாயின் வேலை நேரம், வீட்டு வாடகை காரணமாக ஊர் ஓரத்துக்குக் குடிபோனது எல்லாம் இருக்கும். இரண்டு பேர் மட்டும் பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு வைத்துக்கொண்டு தாமதமாக வருவார்கள். அவர்களையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தாமதத்துக்கும் சமூக அமைப்பே காரணம் என்று சொல்லிவிடுவதும் சோம்பலான சிந்தனைதான். மாணவர்கள் அதை உடனே பிடித்துக்கொள்வார்கள்.

சிறியதைக் கவனித்தே பெரியதை அறிய முடியும் என்பதற்கு நான் பயிற்சி ஆசிரியர்களிடம் தவறாமல் சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மாரியன்டால் என்ற தொழிலாளர் குடியிருப்பு. ஏறத்தாழ 1,500 பேர். ஊருக்கே சோறு போட்ட நெசவாலை 1930-இல் முழுவதுமாக மூடப்பட்டது. 1931-இன் இறுதியில் மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் குழு அங்கே போய், வேலை இழந்த ஊர் எப்படி வாழ்கிறது என்று பார்த்தது. முடிவுகள் 1933-இல் வெளியாயின. அவர்கள் பார்த்த விதம்தான் முக்கியம். சன்னலுக்குப் பின்னால் கடிகாரத்தோடு நின்று, தெருவில் போகிறவர்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், எத்தனை முறை நிற்கிறார்கள் என்று குறித்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்கள் விரைந்தார்கள். ஆண்களுக்குப் போய்ச் சேர வேண்டிய இடமே இல்லை. பெண்களுக்கு வீட்டு வேலை அப்படியே இருந்தது, கையில் பணம்தான் இல்லை. தொழிலாளர் நூலகத்தில் கட்டணம் நீக்கப்பட்ட பிறகும் புத்தகம் எடுப்பது இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. நேரம் கொட்டிக் கிடந்தது. படிக்க மனம் இல்லை. வேலை இல்லாதவர்கள் கொதித்து எழுவார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, ஊர் ஓய்ந்துபோய்க் கிடப்பதைக் காட்டியது அந்த ஆய்வு.

உங்களுக்கு நேராகப் பயன்படும் பகுதி இனிமேல்தான். அந்தக் குழு பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளையும் திரட்டியது. கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் என்று எழுதச் சொன்னார்கள். மாரியன்டால் பிள்ளைகள் கேட்டவற்றின் மதிப்பு, சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகள் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. அந்தச் சின்ன ஆசையையும் நேராகக் கேட்க முடியாமல், ‘அப்பா அம்மாவிடம் பணம் இருந்திருந்தால்’ என்ற நிபந்தனையோடு பலர் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளை யாரும் ‘வேலையின்மையின் விளைவுகள்’ பற்றி எழுதச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உங்களுக்கு வந்த மாதிரியே வந்திருக்கும். பிடித்த பொருளைக் கேட்டதால், ஓர் ஊரின் பொருளாதாரம் குழந்தையின் ஆசைக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று தெரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாரியன்டாலில் வெறுமனே வேடிக்கை பார்ப்பவராக யாரும் இருக்கக் கூடாது என்பது அந்தக் குழுவின் விதி. வியன்னாவில் உடைகளைத் திரட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஊருக்கு ஏதேனும் ஒரு வகையில் பயன்பட்டுக்கொண்டேதான் தகவல் சேர்த்தார்கள். பிறர் வாழ்க்கையைக் கேட்டு எழுதப் போகும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஒழுக்க விதி எனக்குத் தெரியவில்லை.

ஆகவே அடுத்த கட்டுரைக்குச் சிறிய கேள்வியாகக் கொடுங்கள். மாதக் கடைசி வாரத்தில் நீ வழக்கமாகப் போகும் பாதையில் என்ன மாறுகிறது? உன் தெருவில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் யார் எதைச் சுமந்து போகிறார்கள்? உன் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நேற்று பழுதாகி, இன்னும் சரிசெய்யப்படாமல் இருக்கும் பொருள் எது, ஏன்? இப்படிப்பட்ட கேள்விக்குக் குறிப்பேட்டிலிருந்து பதில் வராது. வீட்டைப் பற்றி எழுதுவதா, தெருவைப் பற்றி எழுதுவதா என்பதை மாணவரே தீர்மானிக்கட்டும். எப்போதும் ஒரு வெளி வாசல் திறந்திருக்க வேண்டும். ‘உங்கள் குடும்பத்தின் வருமானத்தையும் செலவையும் எழுதி வாருங்கள்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சில வீடுகளில் அந்த எண் பிள்ளைகளுக்கே தெரியாது. தெரிந்த வீடுகளில் அதை வெளியே சொல்வதற்கு அடி விழும்.

குடும்பக் கணக்கைக் கற்றுத்தர வேறு வழி இருக்கிறது. கற்பனைக் குடும்பம் போதும். உங்கள் மாணவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ‘விலைவாசி உயர்வு அனைவரையும் பாதிக்கிறது’ என்று எழுதியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். அந்த வாக்கியத்தையே கரும்பலகையில் எழுதிக் கணக்குப் போடுங்கள். ஒரு குடும்பம் தன் செலவில் 60 சதவீதத்தை உணவுக்குக் கொடுக்கிறது. இன்னொன்று 20 சதவீதம். உணவு விலை மட்டும் 10 சதவீதம் ஏறுகிறது; வேறு எதுவும் ஏறவில்லை. முதல் குடும்பத்தின் மொத்தச் செலவு 6 சதவீதம் கூடும். இரண்டாவது குடும்பத்துக்கு 2 சதவீதம். ஒரே ஊர், ஒரே விலை, மூன்று மடங்கு வேறுபாடு. சராசரியாக ஒரே ஒரு பணவீக்க எண்ணைச் செய்தியில் படித்துவிட்டு ‘அப்படி ஒன்றும் ஏறவில்லையே’ என்று ஒருவர் சொல்வதும், ‘தாங்க முடியவில்லை’ என்று இன்னொருவர் சொல்வதும் ஏன் இரண்டுமே பொய்யில்லை என்று அப்போது புரியும்.

வருமானம் ஏற ஏற, அதில் உணவுக்குப் போகும் பங்கு குறைகிறது என்பதை ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-இலேயே குடும்பச் செலவுக் கணக்குகளை வைத்துக் காட்டினார். இன்றும் அது எங்கல் விதி என்றே வழங்குகிறது. செலவாகும் தொகை கூடலாம், பங்குதான் குறையும். மாணவர்கள் இந்த இரண்டையும் எப்போதும் குழப்புவார்கள். இங்கே ஒரு பாடவேளையைத் தாராளமாகச் செலவிடுங்கள்.

அடுத்த பாடவேளையில் அதே கற்பனைக் குடும்பத்தின் செலவைக் குறைக்கச் சொல்லுங்கள். பிழைத்திருக்கப் போதுமான அளவுக்கு மட்டும் பட்டியல் போட வேண்டும். பிள்ளைகள் முதலில் உற்சாகமாக வெட்டித் தள்ளுவார்கள்: பஸ் பயணம் வேண்டாம், செய்தித்தாள் வேண்டாம், பரிசுப் பொருள் வேண்டாம், தொலைபேசி வேண்டாம். இங்கிலாந்தின் யார்க் நகரில் சீபோம் ரவுன்ட்ரீ 1899-இல் 46,754 பேரைப் பற்றிய தகவலைத் திரட்டி ஆராய்ந்தபோது, வெறும் உடல்நலத்தைக் காப்பாற்றப் போதுமான வறுமைக் கோடு ஒன்றை வரைந்தார். பிறகு அந்தக் கோட்டின்மேல் வாழ்வது என்றால் என்ன என்பதையும் அவரே விளக்கினார். அந்தக் குடும்பம் ஒருபோதும் பஸ்ஸில் ஏறக் கூடாது. செய்தித்தாள் வாங்கக் கூடாது. வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுதக் கூடாது, ஏனென்றால் அஞ்சல் செலவுக்கு இடமில்லை. உங்கள் மாணவர்கள் வெட்டிய பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தாங்கள் வெட்டியதில் எதைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று வாதம் தொடங்கும். அந்த வாதம்தான் நீங்கள் தேடும் சிந்தனை. வறுமைக் கோட்டை எங்கே போடுவது என்று உலகெங்கும் வல்லுநர்கள் இன்னமும் சண்டை போடுவது இதைப் பற்றித்தான்.

ரவுன்ட்ரீ இன்னொன்றையும் கண்டார். தொழிலாளி ஒருவர் வாழ்நாளில் மூன்று முறை வறுமைக்குள் இறங்குகிறார்: தான் குழந்தையாக இருக்கும்போது, தன் குழந்தைகள் சிறியவர்களாக இருக்கும்போது, உழைக்க முடியாத முதுமையில். ஏழைகள் என்று ஒரு தனிக் கூட்டம் நிரந்தரமாக இருப்பதாக எழுதும் மாணவர்களுக்கு இது நல்ல மாற்று மருந்து. வீட்டுப் பெரியவர்களிடம் ‘உங்கள் வாழ்க்கையில் எந்த ஐந்து ஆண்டுகள் கடினமாக இருந்தன?’ என்று கேட்டு வரச் சொல்லலாம். தொகை கேட்க வேண்டியதில்லை. ஆண்டுகளைக் கேட்டால் பெரியவர்கள் கதையாகவே சொல்வார்கள்.

வேலையின்மை பற்றி எழுதியவர்களுக்கு ஒரு சிறிய திருத்தம் போதும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் இலக்கணப்படி, வேலை இல்லாமல் இருப்பவர், வேலை கிடைத்தால் செய்யத் தயாராக இருப்பவர், வேலை தேடிக்கொண்டும் இருப்பவர் மட்டுமே வேலையற்றவர். தேடித் தேடிச் சலித்து நிறுத்திவிட்ட அண்ணன் அந்தக் கணக்கில் வர மாட்டார். கணக்கெடுக்கும் வாரத்தில் கூலிக்கு ஒரு மணி நேரம் உழைத்தவர் வேலையில் இருப்பவராகவே எண்ணப்படுவார். இதைச் சொன்னதும் ‘அப்படியானால் எண் பொய்யா?’ என்று கேட்பார்கள். பொய்யில்லை, அது எதை எண்ணுகிறதோ அதை எண்ணுகிறது என்று விளக்க வேண்டும்.

வகுப்பில் கருத்துக்கணிப்பு நடத்துகிறோம் என்று சிலர் கிளம்புவார்கள். நல்லதுதான், யாரைக் கேட்டார்கள் என்பதை மட்டும் கேளுங்கள். அமெரிக்காவில் 1936-இல் ஒரு பத்திரிகை சுமார் ஒரு கோடி வாக்குச்சீட்டுகளை அனுப்பி, திரும்பி வந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளை எண்ணி, அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார்ப் பதிவிலிருந்தும் பெயர்களை எடுத்தது ஒரு காரணம். அந்தப் பொருளாதார மந்த காலத்தில் தொலைபேசியும் காரும் வசதியானவர்களிடம் இருந்தவை. சீட்டைத் திருப்பி அனுப்பச் சிரமம் எடுத்துக்கொண்டவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது இன்னொரு காரணம். பத்து நண்பர்களைக் கேட்டுவிட்டு ‘மாணவர் சமுதாயம் கருதுகிறது’ என்று எழுதுகிறவர்களுக்கு இந்தக் கதை போதும்.

தீர்வுகளைப் பற்றி. ‘தீர்வுகள்’ என்ற தலைப்பைத் திருத்தும் முறையிலிருந்து எடுத்துவிட முடியுமா என்று பாருங்கள். உலகம் நூற்றாண்டுகளாகத் திணறும் விஷயத்துக்குப் பதினாறு வயதில் அரைப் பக்கத்தில் தீர்வு எழுதச் சொன்னால், பொய்தான் எழுதுவார்கள். அதுவும் பயபக்தியோடு எழுதுவார்கள். அதற்குப் பதிலாக, ‘இதைத் தீர்மானிப்பவர் யார்?’ என்று கேளுங்கள். பஸ் நேரத்தைக் குறிப்பது எந்த அலுவலகம், எந்த அதிகாரி? ‘அரசு’ என்று எழுதினால் ஏற்காதீர்கள். அதற்குப் பதில் தேடிப் போகிறவன், பெரும்பாலும் அந்த முடிவை எடுப்பவருக்கும் ஒரு கட்டுப்பாடு இருப்பதைக் கண்டுபிடிப்பான். அந்தத் தடத்தில் வண்டி குறைவு, ஓட்டுநர் குறைவு என்று. அங்கேயிருந்து அவன் எழுதும் ஒரு பத்திக்கு மதிப்பு அதிகம்.

தலைமையாசிரியரின் கவலையை நான் அற்பமாக நினைக்கவில்லை. அன்றாட வாழ்க்கையைக் கேள்வியாக்கும் கல்விக்கு எதிர்ப்பு வந்த வரலாறு உண்டு. பிரேசிலில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரி 1963-இல் ஆஞ்சிகோஸ் என்ற ஊரில், கூலி வேலை செய்தவர்களின் சொந்த வாழ்க்கையிலிருந்து சொற்களை எடுத்து, சுமார் 40 மணி நேரத்தில் எழுத்தறிவு புகட்டும் திட்டத்தை நடத்தினார். ஏறக்குறைய 300 பேர் படித்தார்கள். 1964-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் அடைத்தார்கள், பின்பு அவர் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. இந்தக் கதையைத் தலைமையாசிரியரிடம் சொல்லாதீர்கள்; அவர் இன்னும் மிரண்டுவிடுவார்.

அவரிடம் சொல்ல வேண்டியது வேறு. வகுப்பில் எந்தக் கட்சியின் பெயரும் கட்டுரைக்குத் தேவையில்லை. ஒரு காரணத்தைச் சொல்லும் மாணவர், அதற்கு எதிரான இன்னொரு விளக்கத்தையும் நேர்மையாக எழுத வேண்டும், அதுதான் விதி. வாடகை ஏன் ஏறுகிறது என்றால் வீட்டுக்காரர் பேராசைக்காரர் என்று ஒருவன் எழுதினால், வீட்டுக்காரருடைய கடன் தவணையும் பராமரிப்புச் செலவும் என்ன என்று அவனே யோசித்து ஒரு பத்தி சேர்க்க வேண்டும். உங்கள் சொந்தக் கருத்தைக் கடைசிவரை சொல்லாமல் இருங்கள். பெற்றோர் வந்து நின்றால், இந்த விதியை எழுதிய தாளையும் பிள்ளையின் கட்டுரையையும் காட்டினால் போதும். பெரும்பாலான பெற்றோரின் கோபம் அரசியலைப் பற்றியதாக இருக்காது, தங்கள் வீட்டு விஷயம் வெளியே போய்விட்டதோ என்ற அச்சமாகவே இருக்கும். அதனால்தான் முதலில் வாசிக்க வேண்டாம் என்றேன்.

திருத்தும் முறையை நான் இப்படி மாற்றுவேன். 20 மதிப்பெண்ணில் 8, கண்ணால் பார்த்த அல்லது காதால் கேட்ட ஒன்றைப் படிப்பவருக்குத் தெரியும்படி எழுதியதற்கு. 5, தான் பார்த்தது எது, பிறர் சொன்னது எது, ஊகித்தது எது என்று பிரித்துக் காட்டியதற்கு. 5, தன் ஒரு நிகழ்ச்சிக்கு அப்பால் போய் இன்னொரு வீட்டோடோ, ஓர் எண்ணோடோ, எதிர் விளக்கத்தோடோ ஒப்பிட்டுப் பார்த்ததற்கு. மொழிக்கு 2. முன்னுரைக்கும் முடிவுரைக்கும் எதுவும் இல்லை என்று முன்கூட்டியே வகுப்பில் சொல்லிவிடுங்கள். முதல் முறை பாதிப் பேர் திகைத்து நிற்பார்கள். நன்றாக மதிப்பெண் வாங்கிப் பழகியவர்கள்தான் அதிகம் முறையிடுவார்கள். அவர்களுக்குப் பழைய முறை வசதியாக இருந்தது. ஒரு பருவம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறையில் பார்த்தால் உங்கள் மாணவிக்கு முதல் எட்டும் அப்படியே கிடைக்கும். அடுத்ததில் பெரும்பகுதி கிடைக்கும். மூன்றாவதில் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் அவள் தன் வாசலைத் தாண்டவில்லை. பதினாலு அல்லது பதினைந்து வரும். நல்ல மதிப்பெண்தான், அதற்குக் காரணமும் சொல்ல முடியும். ஆனால் மற்றவர்கள் பழைய முறையில் எழுதியிருக்கும்போது அவளை மட்டும் புதிய முறையில் திருத்துவது நியாயமில்லை. இந்தக் கட்டுரையைப் பயிற்சி என்று அறிவித்து, யாருக்கும் மதிப்பெண் ஏற்றாமல், எல்லோரையும் புதிய விதிப்படி இன்னொரு முறை எழுதச் சொல்லுங்கள். அவள் அதே விஷயத்தைத் தொடர விரும்பினால் தொடரட்டும். கடன் வசூலிப்பவருடைய வேலை எப்படிப்பட்டது, அவருக்கும் மேலே ஒருவர் கணக்குக் கேட்கிறாரா என்று அவள் யோசிக்கலாம். பஸ்ஸைப் பற்றி எழுதுகிறேன் என்றாலும் மறுபேச்சு இல்லாமல் சரி என்று சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். திருத்திய தாள்களைக் கட்டி ஆசிரியர் அறையில் வைப்பது பல பள்ளிகளில் வழக்கம். அங்கே யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்ப்பார்கள். அவளுடைய தாளை அந்தக் கட்டில் சேர்க்காமல் நேராக அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.